திரும்பும் தேதிக்குப் பிறகான நான்கு நாட்கள்

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணி விமானத்தில் துபாயிலிருந்து புறப்பட்டு, புதன்கிழமை காலை சென்னையில் இறங்கி, மதியத்துக்குள் குடியாத்தத்தில் எங்கள் மருந்துக்கடையைத் திறந்துவிட வேண்டும் என்பதே திட்டம். 19 ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, 22 ஆம் தேதி மகனுக்குப் பள்ளித் தேர்வு. இரண்டையும் கணக்கில் எடுத்துத்தான் பயணத் தேதிகளைக் குறித்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அமீரகத்தில் 1949 முதல் பதிவான மழைகளிலேயே பெருமழை பெய்தது. நான், கணவர், மாமியார், பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த மகள், ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் என ஐந்து பேரும் எப்படி வீடு வந்து சேர்ந்தோம், எங்கே தவறினோம் என்பதை, குடும்பத்தோடு, குறிப்பாக வயதானவர்களை அழைத்துக்கொண்டு வெளிநாடு செல்வோருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சிக்கலின் வேர் மழையில் இல்லை, அதற்கு நான்கு மாதங்கள் முன்பு எடுத்த பயணச்சீட்டில் இருந்தது. என் மாமியாருக்கு வயது எழுபத்தொன்று. அவர் பிறந்தபோது குடியாத்தம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989 இல் அந்த மாவட்டம் பிரிந்தது, 2019 இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. அவருடைய பழைய ஆவணங்களில் மாவட்டப் பெயர் ஒருவிதமாகவும் புதியவற்றில் வேறுவிதமாகவும் இருந்ததைக்கூடச் சமாளித்துவிட்டோம். பெயர்தான் பெரும்பாடாயிற்று. நம் ஊர் வழக்கப்படி அவருக்கு ஒரு பெயர், ஒரு முன்னெழுத்து, அவ்வளவுதான். ஆனால் 2022 நவம்பரிலிருந்து, கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அமீரகம் அனுமதிப்பதில்லை. குடும்பப்பெயருக்கான இடத்தில் ஏதேனும் இருக்க வேண்டும், அல்லது கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருக்க வேண்டும். எனவே ஆதாரில் முன்னெழுத்தை விரித்து என் மாமனாரின் பெயரை முழுமையாகச் சேர்த்து, பிறகு வேலூர் அஞ்சலகத்தில் இயங்கும் கடவுச்சீட்டு மையத்தில் நேரம் பெற்று விண்ணப்பித்தோம். பெயர்த் திருத்தத்துக்கே மூன்று வாரங்கள் பிடித்தன. தமிழ்நாட்டில் நம்மில் பலரின் கடவுச்சீட்டுகள் இப்படித்தான் இருக்கும் என்பதால், பயணத்தை யோசிக்கத் தொடங்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடவுச்சீட்டு தாமதமானதால், கட்டணம் ஏறிவிடுமே என்று எங்கள் நால்வருக்கும் முதலில் சீட்டு எடுத்தோம். மாமியாருக்கு ஐந்து வாரங்கள் கழித்து, அதே விமானத்தில், தனியாக எடுத்தோம். ஒரே விமானம்தானே, பக்கத்து இருக்கை கிடைத்தால் போதும் என்று நினைத்தோம். விமான நிறுவனத்தின் கணினிக்கோ நாங்கள் ஒரு குடும்பம் அல்ல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பி.என்.ஆர். எண்கள். போதாக்குறைக்கு, இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொடுத்த பயண முகவர், தொடர்புக்கான இடத்தில் தம் அலுவலகக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே கொடுத்திருந்தார். இவ்விரண்டையும் நாங்கள் புறப்படும் முன் கவனிக்கவில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மாமியாருக்கு இருவேளை கலவை இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, பாத எரிச்சலுக்குப் பிரிகாபாலின் ஆகியவை நடப்பில் இருந்தன. நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் பலர் சாதாரணமாகச் சாப்பிடும் இந்தப் பிரிகாபாலின், அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன்னனுமதி இல்லாமல் பையில் வைத்துப் போனால் வழக்கில் போய் முடியலாம். அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் இணையதளத்தில், மருந்துச் சீட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுமதி பெற்று அச்செடுத்துக்கொண்டேன். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு வேதிப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித்தரும்படி மருத்துவரைக் கேட்பது அவசியம், ஏனெனில் நம் கடைப் பெயர்களை அங்குள்ள மருந்தாளுநர் அறியமாட்டார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கொழுந்தனாருக்காக மாமியார் ஆசையாக அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியையும் நான் வெளியே எடுத்து வைக்க நேர்ந்தது, அதில் கசகசா இருந்தது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஒரு பொட்டலத்துக்காகச் சிறை சென்றவர்கள் உண்டு என்று சொன்ன பிறகே அவர் சமாதானமானார். அதற்கு ஈடாக ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டோம்.

12 ஆம் தேதி துபாய் சென்று இறங்கியதிலிருந்து 15 ஆம் தேதி வரை எல்லாம் குறையில்லாமல் நடந்தது. தெய்ராவில் தங்கினோம், ஒரு திர்ஹம் கொடுத்துப் படகில் ஓடையைக் கடந்தோம், சித்திரை முதல் நாளன்று அபுதாபியில் அந்த ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட கோயிலுக்குச் சென்றோம். அந்த நாட்களைப் பற்றி இங்கே நான் விரிக்கப்போவதில்லை.

15 ஆம் தேதி மாலையே எச்சரிக்கை வந்துவிட்டது. மறுநாள் பள்ளிகள் இணையவழியில்தான் நடக்கும், அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்று கொழுந்தனார் தொலைபேசியில் சொன்னார். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, கௌண்டன்ய ஆறு குடியாத்தத்துக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதே மாதம் பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்த செய்தியும் எங்கள் நினைவிலிருந்து அகலவில்லை. அப்படியிருந்தும் பாலைவன நாட்டில் மழை என்ன செய்துவிடும் என்ற எண்ணமே எங்களுக்கு இருந்தது. ஆற்று வெள்ளம் வந்தால் வடிவதற்கு ஓர் ஆறு இருக்கிறது. துபாயிலோ ஆண்டு முழுவதும் சராசரியாக நூறு மில்லிமீட்டர்கூடப் பெய்யாது. அதனால் தெருக்களில் மழைநீர் வடிகால் குறைவு, நிலமும் சமதளம். விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே நிற்கும், லாரி வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். மறுநாள் அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் பெய்திருந்தது என்று பிறகு அறிந்தோம். எச்சரிக்கை வந்த அன்றிரவே விமான நிலையத்துக்கு அருகிலிருக்கும் விடுதி எதையாவது பார்த்திருக்க வேண்டும், விமான நிறுவனத்தை அழைத்து மாற்று வழி கேட்டிருக்க வேண்டும். நாங்களோ பெட்டியைக் கட்டிவிட்டுத் தூங்கினோம்.

செவ்வாய் பிற்பகல் வானம் பச்சை நிறத்துக்கு மாறியது. விடுதி அறையின் சன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியார், "இன்னாத்துக்குக் கண்ணு வானம் இப்படிப் பச்சையா கீது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டரை மணிக்கு டாக்சி ஏறினோம். கால் மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று, கடைசிச் சிறு தூரத்தைக் கணுக்காலளவுத் தண்ணீரில் மாமியாரைத் தாங்கிக்கொண்டு நடந்தோம். ஏழு மணியளவில் பெட்டிகளைக் கவுன்டரில் ஒப்படைத்தோம். அங்கேதான் அடுத்த தவறு நேர்ந்தது.

இன்சுலின் பேனா, மாற்றுக் குப்பி, இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் கைப்பையில் இருந்தன. இன்சுலினை எக்காரணம் கொண்டும் சரக்குப் பெட்டியில் அனுப்பக்கூடாது, அங்கே குளிரில் உறைந்து போனால் பார்வைக்கு மாற்றம் தெரியாவிட்டாலும் அது சரியாக வேலை செய்யாது. பயன்பாட்டில் இருக்கும் பேனாவைக் கடும் வெயில் படாமல் அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம் என்பதால் பயணத்தில் அது ஒரு பெரிய சுமையும் அல்ல. இதையெல்லாம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவள் நான். ஆனால் பேனாவுக்கான ஊசிகளில் மூன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மீதிப் பெட்டியை லக்கேஜில் வைத்துவிட்டேன். இரவு ஒரு ஊசி, காலை ஒரு ஊசி, கூடுதலாக ஒன்று என்பது என் கணக்கு. இரத்த அழுத்த மாத்திரை இரண்டு வேளைக்கு மட்டுமே கையில் இருந்தது. மூன்று துளை உள்ள அந்த ஊர் மின்செருகிக்கான அடாப்டரும் பெட்டிக்குள் போய்விட்டது. பெல்ட்டில் நகர்ந்து திரைக்குப் பின்னால் மறைந்த அந்தப் பெட்டிகளை நாங்கள் பதினொரு நாட்கள் கழித்தே மறுபடி பார்த்தோம்.

பத்து மணி விமானம் முதலில் தாமதம் என்றும், நள்ளிரவுக்குப் பின் ரத்து என்றும் பலகையில் வந்தது. தரையெங்கும் மக்கள் படுத்திருந்தார்கள். உணவுக் கடைகளின் முன் நீண்ட வரிசைகள், வரிசை நகரும் முன்பே தீர்ந்துபோகும் ரொட்டிகள். சர்க்கரை நோயாளிக்கு இந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கலவை இன்சுலினைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் சாப்பாடு கிடைக்கவில்லை என்றால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரை கொண்டுபோய்விடும். வீட்டில் மணி பார்த்து ஊசி போடுவது சரி, விமான நிலையத்தில் தட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். அவருடைய மருத்துவரைக் கேட்கலாம் என்றால், அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகள் இயங்குவதில்லை. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் மட்டும் செல்லும். அன்றைய அளவீடுகளை எழுதி அனுப்பினேன். சாப்பாடு கைக்கு வந்த பிறகே ஊசி, அதுவும் குறைத்த அளவில் என்று அவர் பதில் அனுப்பினார். அந்த அளவு என் மாமியாருக்கானது, அதனால் இங்கே எழுதவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் எவ்வளவு போடுவது என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலம் என் கையில் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு உள்ளங்கை வியர்த்தபோது, அளவீடு 64 காட்டியது. பொடியைக் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தேன், 98 வந்தது. பிறகு என் மகள் எங்கிருந்தோ ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தாள். யாரோ ஒரு மலையாளி அம்மா கொடுத்தாராம்.

புதன்கிழமை முழுவதும் எந்தத் தகவலும் இல்லை. பக்கத்தில் வாணியம்பாடியைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பணத்தை மிச்சப்படுத்த 96 மணி நேர இடைவழி விசாவில் வந்திருந்தார்கள், அது அன்று மாலையோடு முடிகிறது. தங்கும் நாள் மீறினால் அபராதம் என்பதால் அந்த மனிதர் கவுன்டர் கவுன்டராக அலைந்தார். விமானம் ரத்தானவர்களுக்கு அபராதம் இல்லை என்று அதிகாரிகள் பிறகு அறிவித்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் முப்பது நாள் விசாவில் வந்திருந்தோம். அந்தக் கவலை ஒன்று இல்லாததே அன்று எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து நாள் விசா எடுக்காதீர்கள்.

கொழுந்தனார் வீட்டுக்குப் போகலாமென்றால் ஷார்ஜாவில் அவர் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கட்டடத்தில் மின்சாரமும் இல்லை. மாலையில் டாக்சி கிடைத்ததும் தெய்ராவில் பழைய விடுதிக்கே திரும்பினோம். முன்பு கொடுத்ததைவிட ஏறத்தாழ இருமடங்கு வாடகை. திர்ஹம் தீர்ந்துவிட்டது. என் கணவரின் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்படவில்லை. 2020 முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், வெளிநாட்டுக்கு நாமே வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். திறக்கப் போனால் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கு வரும், அந்தச் சிம்மோ உள்ளூர்ச் சிம் போடுவதற்காகக் கழற்றிச் சரக்குப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. என் அட்டையைக் கிளம்பும் முன் திறந்து வைத்திருந்ததால் தப்பித்தோம். விடுதிக்கு அருகிலிருந்த மருந்தகத்தில், மருந்துச் சீட்டைக் காட்டியதும் பேனா ஊசிகளும் அதே வேதிப்பெயருள்ள அழுத்த மாத்திரையும் கிடைத்தன.

வியாழன் காலைதான் விஷயம் வெளிப்பட்டது. எங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண், முகவரின் அலுவலகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து, அவர் கைப்பேசிக்கு முந்தைய நாளே வந்திருந்த செய்திகளைப் படமெடுத்து அனுப்பினாள். மாமியாருக்கு 18 ஆம் தேதி, அதாவது அன்றிரவே, மாற்று இருக்கை. எங்கள் நால்வருக்கும் 20 ஆம் தேதி மாலை. ஆங்கிலமோ இந்தியோ தெரியாத, ஊசி போட்டுக்கொள்ளத் தெரியாத எழுபத்தொரு வயதுப் பெண்ணைக் கணினி தனியாக அனுப்பிவிட்டது. இரண்டு பி.என்.ஆர். எண்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறிப்பெழுதும்படி விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டிருந்தால், மாற்று இருக்கை தரும்போது அந்தக் குறிப்பு அவர்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று கவுன்டரில் இருந்த பெண்மணி சொன்னார். தனித்தனியாகச் சீட்டு எடுக்க நேர்ந்தவர்கள் இதை எடுத்த அன்றே செய்துவிடுங்கள். தொடர்பு எண்ணாகப் பயணிப்பவரின் எண் இருக்கிறதா என்பதை விமான நிறுவனத்தின் தளத்திலேயே நுழைந்து பாருங்கள், முகவர் தரும் காகிதத்தில் பார்ப்பது போதாது.

அன்றிரவு விமானத்தில் ஓர் இருக்கை மட்டுமே கூடுதலாக இருந்தது. யார் போவது? மருந்து தெரிந்தவள் நான், ஆனால் பிள்ளைகள் இருவரும் இங்கே. கணவர் போவது என்று முடிவு செய்தோம். அவர் அதுவரை தம் தாய்க்கு ஒருமுறைகூட ஊசி போட்டதில்லை. விடுதிக் கட்டிலில் அவரை உட்கார வைத்து, பேனாவை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் கலப்பது, புது ஊசி மாட்டி இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்ப்பது, தொப்புளைச் சுற்றி இரு விரல் இடம் விட்டுக் குத்துவது, அழுத்திய பின் பத்து எண்ணும்வரை எடுக்காமல் இருப்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். அவர் கை நடுங்கியது. மாமியார் சேலையை ஒதுக்கிக்கொண்டு, "போடுடா, உன் கையிலயும் போட்டுக்கினாதான் இன்னா" என்றார். அவர் போட்டார். அளவுகளையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். கூடவே பிரிகாபாலின் அனுமதிக் கடிதத்தின் நகலையும் வைத்தேன்.

மாமியார் அவ்வளவு அவசரமாகத் திரும்ப விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2019 இல் இதே ஏப்ரல் 16 அன்றுதான் வேலூர்த் தொகுதியின் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்ட் 5 வரை காத்திருந்து வாக்களித்தவர்கள் நாங்கள். இந்த முறையும் தவறக்கூடாது என்று அவர் வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் விமானம் நள்ளிரவு கடந்து புறப்பட்டு வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இறங்கியது. மதியம் மூன்று மணிக்கு, மை வைத்த விரலைக் காட்டி அவர் நிற்கும் படத்தை மகன் முறையானவர் ஒருவர் எனக்கு அனுப்பினார். நான் தெய்ராவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அந்தத் தேர்தலில் என் வாக்கு விழவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சனிக்கிழமை மாலை நாங்களும் புறப்பட்டோம். கிளம்பும் முன் ஒரு காரியத்தை மட்டும் விடாமல் செய்தேன். விமானம் ரத்தானதை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கவுன்டரில் கேட்டு வாங்கினேன். விடுதி, உணவு, டாக்சி, மருந்து ஆகியவற்றின் ரசீதுகளையும் பழைய போர்டிங் பாஸ்களையும் லக்கேஜ் ஒட்டுச்சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டேன். பயணக் காப்பீட்டில் தாமதத்துக்கான தொகை எங்களுக்குக் கிடைத்தது இந்த உறையால்தான். மாமியாரின் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை, திரும்பி வந்த பிறகே முழுதாகப் படித்தேன். அன்று விடியற்காலை அவருக்கு மயக்கம் ஆழமாகி மருத்துவமனைக்குப் போயிருந்தால், முழுச் செலவும் எங்கள் தலையில் விழுந்திருக்கும். சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவருக்கு, கொஞ்சம் கூடுதலாகக் கட்டியாவது அந்த நோய்களையும் சேர்க்கும் பாலிசியைத் தேடி எடுக்க வேண்டும்.

பெட்டிகள் 27 ஆம் தேதி வீடு வந்தன. துணிகள் ஈர வாடை அடித்தன. உள்ளே இருந்த மாத்திரை அட்டைகள் எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தனவோ என்பதால் அனைத்தையும் கழித்துவிட்டேன், ஊசிப் பெட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்து எடுத்து மாமியாருக்குக் காலை ஊசியைப் போடுவது அன்று முதல் என் கணவர். இரவு ஊசி என்னுடையது.